இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987 ஜூலை 30 அன்று இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய பலாலியில் வந்து இறங்கியது. 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. இடையில் 32 மாதங்கள். இந்தக் காலத்தைப் பற்றி தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்தது ஒரே வரிதான்: அமைதிக்காகப் போனார்கள், சண்டை வந்துவிட்டது, கடைசியில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது இலங்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் வைத்த கண்ணியில் 13 சிங்களச் சிப்பாய்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து கொழும்பிலும் தெற்கிலும் தமிழர்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள், கடைகளைக் கொளுத்தினார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள் என்பதைத் தப்பி வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கறுப்பு ஜூலை என்று சொல்வது இதைத்தான். அதன் பிறகு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இயக்கங்களில் சேர்ந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.

1987 மே 26 அன்று இலங்கை ராணுவம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் எல்லாம் விழுந்தது. அடுத்தது யாழ்ப்பாண நகரம்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரம் அது.

இந்தியா தலையிட்டது தமிழர்மேல் இருந்த பாசத்தாலா?

பாசமும் இருந்தது. தமிழ்நாட்டில் 1983க்குப் பிறகு கொதித்த கொதிப்பு பொய்யில்லை. ஆனால் அரசுகள் பாசத்துக்காகப் படை அனுப்புவதில்லை. டெல்லிக்கு வேறு கணக்குகள் இருந்தன. திருகோணமலைத் துறைமுகம் அமெரிக்காவின் கைக்குப் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. இலங்கை அரசு பாகிஸ்தான், இஸ்ரேல் ஆட்களிடம் ராணுவ உதவி வாங்கிக்கொண்டிருந்தது இன்னொன்று. இன்னொரு பக்கம், தனி ஈழம் அமைந்துவிட்டால் அது இந்தியாவுக்குள்ளும் எதிரொலிக்கும் என்ற கவலை. அதனால்தான் 1983 முதல் ஒரு கையால் தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டே, மறு கையால் அவர்களைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்தார்கள். 1985இல் பூட்டான் தலைநகர் திம்புவில் நடந்த பேச்சும் அப்படித்தான் நடந்தது, முறிந்தது.

பூமாலை நடவடிக்கை என்பது என்ன?

யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றி 1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரம் பக்கமிருந்து படகுகள் போயின. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.32 சரக்கு விமானங்கள் கிளம்பின. மிராஜ் போர் விமானங்கள் காவலுக்குக் கூடவே பறந்தன. யாழ்ப்பாணத்துக்கு மேலே சுமார் 25 டன் பொருட்களை பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பின. ஒரு குடாநாட்டின் பசிக்கு 25 டன் எந்த மூலைக்கு? அது கொழும்புக்குச் சொன்ன சேதி. இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேவுக்கு அது புரிந்தது. எட்டே வாரத்தில் ஒப்பந்தம் தயார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார்?

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்திட்டவர்கள் இருவர்: ராஜீவ் காந்தி, ஜே.ஆர். ஜெயவர்த்தனே. சண்டை நடந்தது இலங்கை அரசுக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையில். இயக்கங்களின் கையெழுத்து அதில் இல்லை. பிரபாகரனை ஐந்து நாள் முன்னதாக டெல்லிக்கு அழைத்துப்போய் அசோகா ஹோட்டலில் வைத்து, இதுதான் ஒப்பந்தம் என்று காட்டினார்கள். அவர் மனதார ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் இன்னும் டெல்லியில்தான் இருந்தார்.

ஒப்பந்தம் சொன்னது இது. 48 மணி நேரத்தில் போர் நிறுத்தம், அடுத்த 72 மணி நேரத்தில் இயக்கங்கள் ஆயுத ஒப்படைப்பு. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணம், அது நீடிக்கலாமா என்று கிழக்கில் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு. மாகாண சபைகள், தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி. கூடவே கடிதங்களாகப் பரிமாறிக்கொண்டவை தனி: திருகோணமலை எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளை, இந்தியாவோடு சேர்ந்து சீரமைப்பது, இலங்கைத் துறைமுகங்களை இந்தியாவுக்கு எதிராக யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. டெல்லியின் கணக்கு என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் கடிதங்களைக் காட்டலாம்.

அப்படியானால் அது படையெடுப்பா?

சட்டப்படி இல்லை. போர் நிறுத்தத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவும் அதை நடைமுறைப்படுத்தவும் இந்தியப் படையை அழைக்கலாம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே இருந்தது. ஜெயவர்த்தனே அழைத்தார். அவருக்கு அதில் ஆதாயமும் இருந்தது. ஒப்பந்தத்தை எதிர்த்துக் கொழும்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. வடக்கில் இருந்த தன் படையைத் தெற்குக்குக் கொண்டுவர அவருக்கு வழி கிடைத்தது. புலிகளை நிராயுதபாணிகளாக்கும் வேலை இந்தியாவின் தலையில் விழுந்தது.

சிங்கள மக்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரே காட்சி போதும். ஜூலை 30 காலை கொழும்பில் ராஜீவ் காந்தி அணிவகுப்பு மரியாதையைப் பார்வையிட்டு நடந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பி அதன் கட்டையால் அவரை ஓங்கி அடித்தான். ராஜீவ் சட்டென்று குனிந்ததால் அடி தலையில் விழாமல் தோளில் பட்டது.

யாழ்ப்பாண மக்கள் இந்திய ராணுவத்தை வரவேற்றார்களா?

ஆமாம், மனம் நிறைந்து வரவேற்றார்கள். இதை இன்று பலர் மறந்துவிடுகிறார்கள். மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். விமானக் குண்டுக்கும் ஷெல்லுக்கும் பயந்து பங்கருக்குள் கிடந்த சனம் வெளியே வந்து மூச்சு விட்ட நாட்கள் அவை. இந்தியா நம்மைக் காப்பாற்ற வந்துவிட்டது என்று உண்மையாகவே நம்பினார்கள். பின்னால் வந்த கோபத்தின் ஆழம் இந்த நம்பிக்கையின் ஆழத்திலிருந்து வந்ததுதான்.

ஆகஸ்ட் 4 அன்று சுதுமலை அம்மன் கோயில் வெளியில் பிரபாகரன் பேசினார். பெரிய வல்லரசு ஒன்று முடிவெடுத்துவிட்டது, எங்களால் தடுக்க முடியாது, ஆயுதங்களோடு சேர்த்து எங்கள் மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பையும் இந்தியாவிடம் ஒப்படைக்கிறோம் என்ற பொருளில் அவர் பேச்சு இருந்தது. தனி ஈழத்தைக் கைவிடவில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். மறுநாள் பலாலியில் ஒப்புக்குக் கொஞ்சம் ஆயுதம் கொடுத்தார்கள். மீதியை வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஏன் சண்டை மூண்டது?

ஒரே காரணம் சொல்ல முடியாது. செப்டம்பர் 15 அன்று நல்லூர் கந்தசாமி கோயில் வீதியில் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். வயது 23. மருத்துவம் படித்தவர். கைதிகளை விடுதலை செய், தமிழர் நிலத்தில் சிங்களக் குடியேற்றத்தை நிறுத்து என்பது போல ஐந்து கோரிக்கைகள். தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்றார், குடிக்கவுமில்லை. ஒவ்வொரு நாளும் கூட்டம் பெருகியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்து அழுதார்கள். இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் மேடைக்குப் போகவேயில்லை. 12ஆம் நாள், செப்டம்பர் 26, திலீபன் இறந்தார். காந்தியின் நாட்டுக்கு முன்னால் ஒரு பையன் பட்டினி கிடந்து செத்தான் என்று யாழ்ப்பாணம் பேசியது. அந்தப் பன்னிரண்டு நாளில் இந்தியா இழந்ததை எந்தப் படையாலும் திரும்பப் பிடித்துக் கொடுக்க முடிந்திருக்காது.

அடுத்த வாரமே இன்னொன்று. குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகளை இலங்கைக் கடற்படை கடலில் பிடித்தது. பலாலியில் வைத்திருந்தார்கள், காவலில் இந்திய ராணுவமும் இருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோயே தீருவோம் என்று இலங்கை அரசு பிடிவாதம் பிடித்தது. அக்டோபர் 5 அன்று அவர்கள் சயனைடு கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பதிலாகப் புலிகள் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைக் கொன்றார்கள். தங்கள் பிடியில் இருந்த சிங்களச் சிப்பாய்களையும் கொன்றார்கள். அக்டோபர் 10 அன்று இந்திய ராணுவம் புலிகளுக்கு எதிராகப் பவான் நடவடிக்கையைத் தொடங்கியது. முதல் வேலையாக யாழ்ப்பாணத்தில் இரண்டு பத்திரிகை அச்சகங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அமைதிப்படை போர்ப்படையாக மாறியது அன்றைக்குத்தான்.

யாழ் பல்கலைக்கழகத்தில் இறங்கிய படைக்கு என்ன ஆனது?

அக்டோபர் 11 நள்ளிரவு கடந்து, பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் படையை இறக்கி, பக்கத்தில் இருந்த புலிகளின் தலைமையைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். புலிகள் ரேடியோவை ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். கமாண்டோக்கள் இறங்கினார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரும் இறங்கினார்கள். அடுத்த ஹெலிகாப்டர்கள் சூட்டில் நெருங்கவே முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் விடிந்து சில மணி நேரத்துக்குள் செத்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் ரயில் பாதை மேலேயே ஏறி வந்தன. ரோட்டில் கண்ணிவெடி இருக்கும், தண்டவாளத்தில் இருக்காது என்பது கணக்கு. அந்த வழியில் கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் 40 பேரளவில் இறந்தார்கள். இரண்டு சாவுக்கும் ஒரே இரவுதான், ஒரே திட்டம்தான். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி இன்னொன்றை விடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நடந்தது என்ன?

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். நகரத்தைச் சுற்றிச் சண்டை. ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்து வார்டுக்குள் இருந்தவர்கள் இறந்திருந்தார்கள். பல ஊழியர்கள் வேலைக்கு வர முடியவில்லை, வந்தவர்கள் வீட்டுக்குப் போக முடியவில்லை. மதியம் புலிகள் சிலர் ஆயுதத்தோடு உள்ளே வந்தார்கள். இது ஆஸ்பத்திரி, போய்விடுங்கள் என்று டாக்டர்கள் கெஞ்சி அனுப்பினார்கள்.

மாலை நாலு மணிவாக்கில் இந்தியச் சிப்பாய்கள் முன்வாசல் வழியாகச் சுட்டுக்கொண்டே நுழைந்தார்கள். கதிரியக்கப் பிரிவில் ஊழியர்களும் நோயாளிகளும் நெருக்கியடித்து ஒளிந்திருந்தார்கள். அங்கேயும் சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். உயிர் பிழைத்தவர்கள் இரவு முழுக்கப் பிணங்களுக்கு நடுவே பிணம் போல அசையாமல் கிடந்தார்கள். இருமினால் சூடு. மறுநாள் காலை குழந்தை மருத்துவர் ஒருவர் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, நாங்கள் டாக்டர், நர்ஸ் என்று சத்தமாகச் சொல்லியபடியே நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் இன்னொரு மருத்துவர் ஓர் அதிகாரியைப் பார்த்துப் பேசி எஞ்சியவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது.

இறந்தவர்கள் ஏறத்தாழ 70 பேர். அதில் 21 பேர் மருத்துவமனை ஊழியர்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், இடையில் சிக்கி இறந்தார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு. பகிரங்கமான விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. இந்தியக் குடிமகனாக இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நகரம் பிடிபட்ட பிறகு அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

சந்திக்குச் சந்தி சென்றி. காவல் அரணைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். எங்காவது கண்ணி வெடித்தால் சுற்றிவளைப்பு. ஊரையே கோயில் வெளிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ கூட்டி வந்து வெயிலில் உட்கார வைப்பார்கள். முகத்தை மூடிய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் முகாம், ஆட்டாவிட்டால் வீடு. அவனுக்குத் தலையாட்டி என்றே பெயர். மொழி தெரியாத சிப்பாய்க்கு அந்தத் தலையாட்டல்தான் நீதி. பெண்கள்மேல் நடந்த பாலியல் வன்முறைகளை ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் புலிகள் தாக்கியதில் சில சிப்பாய்கள் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்க நடந்த சூட்டிலும் தீவைப்பிலும் 50க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் இறந்தார்கள்.

மட்டக்களப்பில் பூபதி என்ற பத்துப் பிள்ளைகளின் தாய், சண்டையை நிறுத்துங்கள், புலிகளோடு பேசுங்கள் என்று கேட்டு 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஏப்ரல் 19 அன்று இறந்தார். பேச்சு நடக்கவில்லை.

போன சிப்பாய்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

நியாயமில்லை. சண்டைக்கென்று அனுப்பப்படாத படை அது. இரண்டு பேருக்கு நடுவில் நிற்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் பழைய வரைபடம். நேற்று வரை இந்திய மண்ணில் இந்தியாவே பயிற்சி கொடுத்தவர்களோடு இன்று மோது என்று உத்தரவு. சுமார் 1,200 பேர் செத்தார்கள், பல ஆயிரம் பேர் கை கால் இழந்தும் காயப்பட்டும் திரும்பினார்கள். அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. 1987 நவம்பர் 25 அன்று இரவுத் தேடுதலிலிருந்து திரும்பும் வழியில் நெஞ்சில் குண்டு வாங்கியும் போரிட்டு இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நோயாளியைச் சுட்டதற்கு இது சமாதானமாகாது. அனுப்பியவர்கள் பொறுப்பு ஒரு பக்கம், சுட்டவர் பொறுப்பு ஒரு பக்கம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிடக் கூடாது.

புலிகள்மேல் தவறே இல்லையா?

நிறைய உண்டு. 1986இலேயே டெலோ இயக்கத்தவர்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான். சனம் நெருக்கமாக வாழும் இடத்திலிருந்து சுட்டுவிட்டு ஓடினால் அடி யார்மேல் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ராஜினி திராணகம இந்திய ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் என்று எல்லோர் செய்ததையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். புலிகள்தான் செய்தார்கள் என்றே அவருடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

தேர்தல் நடந்ததாமே?

நடந்தது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல், டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். அதிகாரமும் பணமும் கொழும்பிலேயே இருந்தன, சபைக்குக் கிடைத்தது பெயர்தான். இந்தியப் படை போனால் தாக்குப் பிடிக்க முடியாது என்று தெரிந்து தமிழ்த் தேசிய ராணுவம் என்று ஒன்றைக் கட்டினார்கள். அதற்குப் பள்ளிக்கூடம், டியூஷன் போய்க்கொண்டிருந்த பையன்களைக்கூட வழியில் பிடித்து மொட்டையடித்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். இந்தியப் படை விலகிய ஊர்களில் அந்தப் பிள்ளைகள் புலிகள் கையில் அகப்பட்டார்கள். இந்த முழுக் கதையிலும் யாருமே பேசாத சாவு அவர்களுடையது.

அமைதிப்படை ஏன் திரும்பி வந்தது?

தெற்கில் இந்திய எதிர்ப்பைப் பிடித்துக்கொண்டு ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வளர்ந்தது, அரசும் ஈவிரக்கமில்லாமல் அடக்கியது. 1989 ஜனவரியில் ஜனாதிபதியான பிரேமதாசா ஒப்பந்தத்தை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர். அவர் புலிகளோடு பேச ஆரம்பித்தார், இந்தியாவுக்கு எதிராகச் சண்டை போட அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். ஜூலை 29க்குள் வெளியேறுங்கள் என்று இந்தியாவுக்குக் கெடு வைத்தார். யாரைக் காப்பாற்றப் போனார்களோ, எந்த அரசு அழைத்ததோ, இருவருமே சேர்ந்து போ என்றார்கள். டிசம்பரில் டெல்லியில் வி.பி. சிங் ஆட்சிக்கு வந்ததும் திரும்பும் வேலை வேகமானது.

கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அன்றும் அதற்குக் கடும் எதிர்ப்பு, இன்றும் வாதம் ஓயவில்லை. சாமானிய சிப்பாயின் வீட்டாருக்கு அது வலித்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

அதன் பிறகு?

மூன்றே மாதத்தில், 1990 ஜூனில், புலிகளுக்கும் பிரேமதாசாவுக்கும் மறுபடி போர். அதே மாதம் 19ஆம் தேதி சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் உடனிருந்தவர்களையும் புலிகள் கொன்றார்கள். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி. 1993 மே 1 அன்று பிரேமதாசாவும் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் முடிய 2009 ஆனது.

ஒப்பந்தத்தில் இன்று மிச்சம் இருப்பது என்ன?

அதன் வழியாக வந்த, மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஏட்டில் இருக்கிறது. நிலமும் போலீஸும் மாகாணங்களுக்கு இன்னும் கைக்கு வரவில்லை. கிழக்கில் நடக்க வேண்டிய வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது, அதன் காலம் 2018இல் முடிந்தது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களுக்கு மட்டும் 2022 ஜனவரியில் புதிய உடன்பாடு கையெழுத்தானது. தமிழருக்கென்று எழுதிய பகுதிகள் அப்படியே கிடக்க, டெல்லிக்கென்று எழுதிய கடிதத்துக்கு மட்டும் ஆள் இருந்தது.

இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறதா?

இந்திய வீரர்களுக்குப் பலாலியிலும், கொழும்பை அடுத்த கோட்டேயில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது. கோட்டேயில் கறுப்புக் கல்லில் பெயர்கள் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பிரம்படியில் ஊர்க்காரர்களே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று, பணியில் இறந்த 21 பேரின் படங்களை வைத்துப் பூப்போட்டு விளக்கேற்றுகிறார்கள். அதற்குப் பிறகு அவரவர் வார்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.